மோன்சியூர்

மத்தியாஸ் மாமா ரெயூனியன் தீவிலிருந்து கொண்டுவந்த பெட்டி
எங்கள் டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது.
பிரெஞ்சு நிறம் நம்மூர் டிவிக்குப் பிடிபடாது என்று
சொல்வதற்கு இருபது ரூபாய் வாங்கினார்
நெல்லித்தோப்பு மெக்கானிக்.

ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்.
கழுத்தில் துண்டு சுற்றிய ஒருத்தன் ஓடுவான், தாவுவான்.
ஒரு பட்டன் தவளை,
இன்னொன்று வௌவால்,
இரண்டையும் சேர்த்து அமுக்கினால் பாறை.
பாறைக்கு ஒரே வித்தைதான்,
விழுவது.

வழியில் நின்றவர்களெல்லாம் அவனிடம் பேசினார்கள்,
படத்தின் அடியில் பெட்டி கட்டி, பிரெஞ்சில்.
எழுத்துக்கூட்டினோம். எல்லோரும் அவனை
மோன்சியூர் என்றார்கள். பெயர் என்று வைத்துக்கொண்டோம்.
ஞாயிறு பூசை முடிந்து பென்ஷன்காரர்களைப் பார்த்தால்
அப்பா 'முசியே' என்று கைகூப்புவார்.
இரண்டும் ஒரே சொல் என்று
எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கதையை அக்கா வைத்திருந்தாள். செலஸ்தீன்.
பெட்டி தோன்றியதும் குரலை மாற்றுவாள்.
கிணற்றடி எலிக்கிழவன்:
'மூணு மாச வாடகை பாக்கி, மோன்சியூர்.'
அதனால்தான் அவன் தவளையாகிறான்,
வீட்டுக்காரருக்கு அடையாளம் தெரியக்கூடாது.
கோபுரத்து ராணி:
'ரேஷன் கார்டு எடுத்தாந்தியா?'
வௌவாலாகித் தப்பித்தோம்.
நாலாவது கட்டத்தில் இரும்புக் கதவு.
காவலன் நாலு வரி நீளத்துக்குப் பேசுவான்,
அக்கா அதை இரண்டு சொல்லில் முடிப்பாள்:
'சாப்பாட்டு நேரம்.'
தவளையாய்த் தாவினோம், வௌவாலாய் முட்டினோம்,
ஒரு முழு மே மாதம் பாறையாய் விழுந்தோம்.
கதவு திறக்கவில்லை.

துண்டு மஞ்சள் என்றும் அவள்தான் சொன்னாள்.

போன செவ்வாய், தள்ளுபடியில்,
நானூற்று நாற்பத்தொன்பதுக்கு வந்தான் மோன்சியூர்,
புதுப்பித்து, துடைத்து, நிறத்தோடு.
ஷிஃப்ட் முடிந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
மழை பெய்தால் கல் ஈரமாகிறது.
செத்தால் பின்னோக்கி ஓட்ட ஒரு பட்டன்,
விழுந்த பாறை எழுந்து மேலே போகிறது,
பார்க்கவே கூச்சமாக இருந்தது.
கட்டைவிரல் மட்டும் எதையும் மறக்கவில்லை,
பழைய பள்ளங்களில் சரியாகத் தாவிற்று.

துண்டு ஊதா.

இப்போது இங்கிலீஷிலும் பேசுகிறார்கள்.
எலிக்கிழவன் அவனுடைய அப்பாவாம்.
வாடகையெல்லாம் இல்லை.
'நீ யாரென்று எனக்குத் தெரியவில்லை,
என் கிணற்றை விட்டுப் போ' என்கிறான்.
முப்பது வருஷமாகச் சிரித்த இடம் அது.
மேலே போக விரல் வரவில்லை,
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நள்ளிரவு தாண்டி இரும்புக் கதவு.
காவலனின் நாலு வரியை முதல் தடவையாகப் படித்தேன்:
உன் உருவங்களில் ஒன்றை இங்கே விட்டுவிடு.
எதை என்று சொல்.
திரும்பக் கிடைக்காது.
அவசரமில்லை.

கீழே நாலு படம். தவளை, வௌவால், பாறை,
நாலாவதாக, ஒன்றுமாகாமல் நிற்கிற
அவன்.

விழுப்புரத்தில் அக்காவுக்கு நைட் டூட்டி,
டிக்கெட் கவுண்டரில்.
மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். சொன்னேன்.
'எந்த மோன்சியூர்டா? சார், திருப்பாதிரிப்புலியூர் ரெண்டா?
ஐயோ, அந்தத் தவளைப் பயலா!
கதவு திறந்துச்சா?'
ஒன்றை விட்டுவிட்டுப் போகணுமாம் என்றேன்.
'அதை எங்கிட்ட கேட்டா? சார், சில்லறையாக் குடுங்க.
இப்ப கலர்லயா ஓடுது?'
ஆமாம்.
'துண்டு?'

திரையில் ஊதாத் துண்டு காற்றில் ஆடியது,
காவலன் அவசரமில்லாமல் நின்றான்.

மஞ்சள்தான் என்றேன்.

'நான்தான் அப்பவே சொன்னேனே' என்றாள்,
அடுத்த ஆளிடம் எந்த ஊர் என்று கேட்டாள்.